லாபிர் நானாவுக்கு வராத பெயர்

லாபிர் நானாவைத் தெரியாது என்று கண்டியில் யாராவது சொன்னால், அவர்கள் பெருநாளைக்கும் தைப்பொங்கலுக்கும் புடைவை வாங்காதவர்களாக இருக்க வேண்டும். டவுனில் ஒரு புடைவைக் கடை வாசலில் எத்தனையோ வருஷம் நின்று ஆள் கூப்பிட்ட மனிதர் அவர். உள்ளே சேல்ஸ்மன்மார் பலர் இருந்தாலும் வாசலுக்கு முதலாளி இவரைத்தான் வைத்திருந்தார். வருகிற பெண் எந்த ஆள், வீட்டில் என்ன பேச்சு என்று அவள் நடைபாதையில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார். சிங்களத்தி என்றால் "எண்ட நங்கி", அவர்கள் பேச்சில் வாங்க தங்கச்சி. தோட்டப் பக்கத்து ஆள் என்றால் "வாங்க அக்கா, உள்ளுக்கு வந்து பாருங்க". யாழ்ப்பாணத்து ஆள் என்றால் "வாங்கோ தங்கச்சி". எங்கள் ஆட்கள் என்றால் "வாங்கோ தாத்தா".

எங்கள் முஸ்லிம் வீடுகளில் கூடப்பிறந்த மூத்தவனை நானா என்போம், மூத்தவளைத் தாத்தா என்போம். மற்றத் தமிழருக்குத் தாத்தா என்றால் பாட்டன். சிங்களவர் காதுக்கு அதே சத்தம் தகப்பன். ஒரே சொல்லால் மூன்று சனம் மூன்று ஆளைக் கூப்பிடுகிற ஊர் இது. லாபிர் நானாவே ஒரு தடவை மாட்டிக்கொண்டார். மழைக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த தோட்டத்துப் பெண்ணை எங்கள் ஆள் என்று நினைத்து "வாங்கோ தாத்தா" என்றுவிட்டார். அவள் நின்று திரும்பினாளாம்.

"யாரப் பாத்து தாத்தாங்குற? எனக்கென்ன மீசையா மொளச்சிருக்கு?"

"கோவிக்காதீங்க அக்கா. மீச இல்லாத ஆளுக்குன்னே ஒரு வொயில் சேல வந்திருக்கு, வந்து பாருங்க."

அவள் சிரித்துக்கொண்டே சேலையும் வாங்கிக்கொண்டுதான் போனாள். அப்படிப்பட்ட வாய் அது.

அந்த வாயை ஒரு நாள் காலையில் அல்லாஹ் பூட்டினான். அவனுடைய நாட்டத்தில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அவர் வாய் பூட்டியதும், கட்டுகஸ்தோட்டையில் அவர் வீட்டுக்கு வந்து வந்து தங்கள் வாயைத் திறந்தார்களே சிலர், அவர்களைப் பற்றி நான் பேசாமல் இருக்கப் போவதில்லை. பக்கத்து வீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

அன்று அவர் மனைவி றமீஸா பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துப் பார்த்துவிட்டு "கதவு" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. "கதவு, கதவு" என்று கோப்பையைக் காட்டினார். சீனி போதாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார் என்று அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. அடுத்த நிமிஷம் வலக்கையில் இருந்து கோப்பை விழுந்தது. றமீஸா கூவிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். த்ரீவீலர் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் கட்டிவிட்டது என்றார்கள்.

உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். கையும் காலும் மெல்ல மெல்ல வந்தன. பேச்சுத்தான் வரவில்லை. ஆளைக் கண்டால் கண் மலரும். நாம் சொல்வது விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒன்றும் வராது, வந்தால் வேறு ஏதாவது வரும்.

பார்க்க வந்தவர்களில் சம்சம் தண்ணீர் கொண்டுவந்து துஆ செய்துவிட்டுப் போனவர்களை நான் சொல்லவில்லை, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. மற்றவர்களைச் சொல்கிறேன். ஒருவர் காதில் வாயை வைத்துக் கத்தினார், நாக்குப் போனவருக்குச் செவியும் போய்விட்டது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு மாமி "கண்ணு, சோறு தின்னீங்களா" என்று தொட்டில் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரிக் கொஞ்சினார். லாபிர் நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் இருந்தார், பள்ளிவாசலில் முதல் வரிசையை விடாதவர். லாபிர் நானா தொழுகையில் சூரத்துல் ஃபாத்திஹாவைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓதுவதைக் கேட்டுவிட்டார். வெளியே வந்து சொன்னார்:

"ஓத வாய் ஈக்கிது, பேச வாய் இல்லயாம். எல்லாம் நடிப்பு. வேலைக்குப் போக அலுப்பு."

நலம் விசாரிக்க என்று வந்து, மனிதனுடைய நோயை உளவு பார்த்துவிட்டுப் போனவர். அவருடைய தொழுகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது, சொல்லவில்லை.

இவர்கள் எல்லாரையும் ஒரு தட்டில் வைத்தாலும் மறு தட்டில் பாயிஸ் ஒருவன் போதும்.

பாயிஸ், லாபிர் நானாவின் தம்பி. பாலத்துக்குக் கிட்ட போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். போனைத் திறந்து பார்த்த பழக்கத்தில் உலகத்தில் உள்ள எல்லாமே திறந்தால் விளங்கிவிடும் என்பது அவன் எண்ணம். பள்ளி நிர்வாகத்தில் ஒரு சின்னப் பதவியும் உண்டு, அந்தப் பதவி அவனைவிட முன்னால் நடந்து போகும். விடியோவில் கேட்டதை எல்லாம் தான் படித்தது என்று சொல்வான்.

முதல் கூத்து ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது. கம்பளையில் இருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள், உம்மு குல்சும், பார்க்க வந்தாள். நானும் கட்டிலருகில் இருந்தேன், றமீஸா மருந்து எடுக்கப் போயிருந்தாள். உம்மு குல்சும் குனிந்து தம்பியின் நெற்றியில் கை வைத்தாள். அவர் அவளையே பார்த்தார். உதடு நடுங்கியது.

"தா... த்தா" என்றார்.

நோய் வந்த பிறகு அவர் வாயில் வந்த முதல் சரியான சொல். உம்மு குல்சும் "யா அல்லாஹ்" என்று அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன டொக்டர் வந்தார், சிங்களவர். நோயாளி பேசினாரா, என்ன சொன்னார் என்று அடுத்த கட்டிலில் கிடந்த கறுப்பையாவைக் கேட்டார். கறுப்பையா நாவலப்பிட்டித் தோட்டமொன்றில் இருந்து கால் முறிந்து வந்தவர், நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த தமிழைச் சிங்களத்தில் பிழையில்லாமல் சொன்னார்: பாட்டனார் என்று கூப்பிடுகிறார். இந்த அம்மா யார் என்று டொக்டர் கேட்டார். அவரோட அக்கா, என்றார் கறுப்பையா. சொல்லிவிட்டு எங்களிடமும் வருத்தப்பட்டார்.

"பாவங்க. கூடப் பொறந்த அக்காவப் பாத்து தாத்தாங்குறாரே."

டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, ஆளை அடையாளம் தெரியவில்லை, புத்தி தடுமாறுகிறது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அழுகையில் அந்தச் சிங்களம் காதில் விழுந்தும் ஏறவில்லை. ஆனால் பாயிஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதே உம்மு குல்சுமைத் தாத்தா தாத்தா என்று கூப்பிட்டு அவள் இடுப்பில் வளர்ந்தவன். "டொக்டர், எங்கட பேச்சில தாத்தா என்டா அக்கா" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை அவன் செலவழிக்கவில்லை. டொக்டர் தலையை ஆட்ட, இவனும் கூடச் சேர்ந்து ஆட்டினான்.

ஏன் என்பது ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு வெளியே வந்தது.

லாபிர் நானாவுக்கு ஒரே பிள்ளை, ரிப்கா. அவளுக்கு நாவலப்பிட்டி ருஷ்தியை முன்னமே பேசி, நாளும் குறித்தாகிவிட்டது. நிக்காஹில் பெண்ணைக் கையளிக்கிறவரை வலி என்போம். வலி தகப்பன்தான். தகப்பன் புத்தி பேதலித்தவர் என்றால், பாட்டனும் இல்லை, பெண்ணுக்குச் சகோதரனும் இல்லை என்றால், அந்த இடம் தகப்பனுடைய சகோதரனுக்குப் போகும். நிக்காஹ் சபையில் உட்காரும் நடுக் கதிரை, கேமராவுக்கு நேரே உள்ள கதிரை, பாயிஸுக்கு!

"மைனி, நான் செல்றத கேளுங்க" என்றான் றமீஸாவிடம். "மூள என்டா போன் மாதிரித்தான். ஒரு பேருக்கு ஒரு செல். ரிப்காட பேர் வச்சிருந்த செல் எரிஞ்சிட்டு. எரிஞ்சது எரிஞ்சதுதான். நானா அவட பேர இனி செல்லவே மாட்டார். ஆளையும் தெரியல்ல. டொக்டரே செல்லிட்டாங்க. நான் வலியா நிக்கிறேன், நீங்க எனத்துக்கும் யோசிக்க வாணாம்."

சமையலறையில் இருந்து உம்மு குல்சும் குரல் வந்தது. "நீ எனத்துக்கு புதுசா நிக்கணும்? நீ பொறந்ததில இருந்து எங்களுக்கு வலிதான்."

நாங்கள் சிரித்தோம். ரிப்கா சிரிக்கவில்லை. "வாப்பா என்னக் குடுக்காட்டி எனக்கு இந்தக் கலியாணம் வாணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திண்ணமாகச் சொல்கிற பிள்ளை, சும்மா மிரட்டுகிறவள் இல்லை. லாபிர் நானா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் நெஞ்சில் இடக்கையால் அடித்தார். "நான்" என்றார். "நான்... நான்." பிறகு மகளின் பெயரைச் சொல்லப் பார்த்தார். "றமீ" என்று வந்தது. "கண்டி" என்று வந்தது. கடைசியில் "வொயில்" என்று வந்தது. பாயிஸ், பார்த்தீர்களா என்பது போல எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். வாயில்லாத அண்ணன் முன்னால் ஜெயித்த சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்காது.

பேச்சுப் பழக்குகிற கிளினிக்குக்கு றமீஸாவோடு நானும் போவேன். அங்கே மதனி என்று ஒரு மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முதல் நாளே முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, இவர் தமக்கையைப் பாத்து தாத்தா எண்டு கூப்பிட்டவராம். ஆளை அடையாளம் தெரியேல்லை எண்டு வார்டில இருந்து சொல்லியிருக்கினம்."

"ஓ மிஸ்" என்றாள் றமீஸா. "தாத்தாவ தாத்தா என்டுதானே கூப்பிடணும்?"

"தாத்தாவும் வந்தவரோ?"

"வந்தாங்கதானே. இன்னைக்கும் வந்தீக்கிறாங்க, வெளியில இருக்காங்க."

மதனி லாபிர் நானாவின் நரைத்த தாடியைப் பார்த்தாள். "இவற்ற தாத்தா உயிரோட இருக்கிறாரோ? என்ன வயசு?"

"அறுவத்தஞ்சு இருக்கும்."

மதனி ஃபைலில் இருந்த வயதை இன்னொரு தடவை பார்த்தாள். அந்தக் கணக்கு எந்தக் கணக்கிலும் வராதே. றமீஸா கதவைத் திறந்து கூப்பிட, உம்மு குல்சும் அபாயாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, "நான்தான் மிஸ் தாத்தா" என்றாள்.

விளங்கியதும் மதனி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். லாபிர் நானாவும் சிரித்தார், சத்தமாக. சிரிப்புக்கு நோய் பிடிக்கவில்லை.

"அண்டைக்கு அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்" என்றாள் மதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிழை விட்டது கேட்ட நாங்கள். டொக்டரிட்ட நான் சொல்லுறன்."

அப்போதுதான் றமீஸா மனதில் கிடந்து அரித்ததைக் கேட்டாள். "மிஸ், எண்ட மச்சினன் செல்றார், ஒரு பேருக்கு ஒரு செல்லாம். மகள்ட செல் எரிஞ்சிட்டாம். மெய்யா?"

"அவர் என்ன வேலை?"

"போன் திருத்துறார்."

"அதுதான்" என்றாள் மதனி. பிறகு பொறுமையாகச் சொன்னாள். நான் அதை என் புத்திக்கு எட்டியபடி சொல்கிறேன். மூளைக்குள்ளே கோடி கோடியாகச் சின்னச் சின்ன செல்கள். ஒரு பெயரை ஒரு செல் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு கூட்டம் சேர்ந்து எழும்பினால்தான் அது ரிப்கா. அதே கூட்டத்தில் பாதி ஆட்களோடு இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்து எழும்பினால் அது வேறொரு பெயர். ஒரு செல்லே பல கூட்டத்தில் ஆள். தனியே அதைப் பிடித்துக் கேட்டால் அதற்கு ஒன்றும் உருப்படியாகத் தெரியாது, கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று உளறும். யார் யார் சேர்ந்து எழும்பினார்கள், யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்று முழுக் கூட்டத்தையும் பார்த்தால்தான் சங்கதி தெளியும்.

"கோயில்ல தேர் வடம் பிடிக்கிறது மாதிரி" என்றாள். "ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் கோணலாத்தான் இழுப்பினம். ஒருத்தர் இடப்பக்கம், ஒருத்தர் வலப்பக்கம். ஆனா தேர் நேரே போகும். எல்லாற்ற இழுவையும் சேர்ந்துதானே அது போற பக்கம். பத்துப் பேர் கையை விட்டால் தேர் நிக்காது. கொஞ்சம் விலகிப் போகும்."

"எங்கட ஆக்கள் தேர் இழுக்கிறல்லயே மிஸ்."

"சரி, பள்ளியில எல்லாரும் சேர்ந்து ஆமீன் சொல்லுவினம்தானே?"

அது எனக்கு உடனே பிடிபட்டது. ஜும்ஆவில் பெண்கள் பக்கத்தில் இருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன். யாருடைய குரல் என்று பிரிக்க முடியாது. தனியே கேட்டால் ஒருவருக்கு இருமல், ஒருவர் முந்திவிடுவார், ஒருவர் இழுப்பார். சேர்ந்தால் ஒரே ஆமீன். நாலைந்து பேர் வராவிட்டாலும் அது ஆமீன்தான். பலரைச் சேர்த்து ஒன்றைச் செய்விப்பது படைத்தவனுக்குப் பிடித்த முறை என்று எனக்குப் பட்டது. இதைப் பள்ளி நிர்வாகத்தில் இருந்துகொண்டே பாயிஸ் கண்டுபிடிக்கவில்லை. தன் குரல் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஆமீன் எங்கே கேட்கும்?

"அப்ப மகள்ட பேர் உள்ளுக்கு ஈக்கிதா மிஸ்? ஓத மட்டும் தடங்கலில்லாம வருது, நடிப்பு என்டு செல்றாங்க."

"இருக்குது. ஆக்கள் குறைஞ்சுபோச்சு. அவையள் எழும்ப முதல் பக்கத்தில இருக்கிற கூட்டம் முந்திக்கொண்டு எழும்பிடுது. அதுதான் சீனிக்குக் கதவு, மகளின்ர பேருக்கு மனுசியின்ர பேர். ஓதுறது சின்ன வயசில இருந்து நாளுக்குப் பல தரம் நடந்த பாதை, அந்தக் கூட்டம் தானா எழும்பும். நடிப்பில்லை. தாத்தா எண்ட சத்தத்துக்கு என்ர தலைக்குள்ள ஒரு கூட்டம் எழும்பிச்சு, டொக்டற்ற தலைக்குள்ள இன்னொண்டு, இவற்ற தலைக்குள்ளதான் சரியான கூட்டம் எழும்பினது."

"கலியாணத்துக்கு முந்தி பேர் வந்துடுமா?"

"அதை நான் சொல்லேலாது அம்மா" என்றாள். "பழக்குவம்."

பழக்கினார்கள். ஓதுகிற ராகத்திலேயே இழுத்து இழுத்து "எண்ட மகள" என்று சொல்லப் பழக்கினாள் மதனி. அது வந்தது. "உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்" என்பதும், றமீஸா அடுப்படியிலும் முற்றத்திலும் அவரோடு சேர்ந்து சொல்லிச் சொல்லி, வந்துவிட்டது. நடுவில் உள்ள பெயர் மட்டும் வரவில்லை. ஒரு நாள் வந்தது, றமீஸா ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள், நான் போவதற்குள் மறைந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர் வந்தது. ரிப்கா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மௌலவியிடம் போய்க் கேட்டோம். புத்தி தெளிவாக இருந்தால் நாக்குத் தடங்கல் ஒரு தடை இல்லை, விளங்குகிற சைகையும் போதும், இல்லாவிட்டால் என்னையே வக்கீலாக வைக்கட்டும், அவர் சார்பில் நான் சொல்கிறேன் என்றார். லாபிர் நானா மறுபடியும் நெஞ்சில் அடித்தார். "நான்."

"வைங்கோ, அவரே செல்லட்டும்" என்றார் மௌலவி. பாயிஸ் பின்னால் நின்று, "புத்தி தெளிவு என்டு ஆரு பாக்கிற?" என்றான். "சபையில நானே பாக்கிறேன்" என்றார் அவர்.

டொக்டரிடம் மதனி சொல்லி, அந்தத் தாத்தா கதை தெளிந்த பிறகும் பாயிஸ் ஊரில் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாப்பிள்ளை வீட்டுக்கும் போன் எடுத்து, வலி விஷயத்தில் சிக்கல் வரலாம், எதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன் என்றானாம். உதவி செய்கிறானாம்!

நிக்காஹ் நாள் வந்தது. வீட்டு ஹோலில் ஆண்கள், திரைக்குப் பின்னால் நாங்கள். பாயிஸ் கோட் போட்டு, தோளில் சால்வை போட்டு, யாரும் வர முன்னமே மௌலவிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். கலியாணம் அவனுக்கென்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். லாபிர் நானாவை மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது எழும்பி இடம் விடவில்லை. மௌலவிதான், "தம்பி, கொஞ்சம் அங்கால இரிங்கோ" என்றார்.

மௌலவி முதலில் கேட்டார். "லாபிர் நானா, இன்னைக்கு எனத்த நடக்குது?"

லாபிர் நானா திரையைக் காட்டினார். மாப்பிள்ளை ருஷ்தியைக் காட்டினார். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

"மாப்பிள்ளய பிடிச்சீக்கிதா?"

அவர் ருஷ்தியை மேலும் கீழும் பார்த்து, கடை வாசலில் துணியைத் தடவிப் பார்ப்பது போல விரலைத் தேய்த்து, பரவாயில்லை என்று தலையைச் சாய்த்தார். சபை சிரித்தது. ருஷ்தி வியர்த்தான்.

"இதவிட தெளிஞ்ச புத்தி எனக்கு வாணாம்" என்றார் மௌலவி. "செல்லுங்கோ."

திரைக்குப் பின்னால் ரிப்கா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. லாபிர் நானா ருஷ்தியின் கையைப் பிடித்தார். இழுத்து, ராகத்தோடு தொடங்கினார்.

"எண்ட மகள..."

நின்றார். றமீஸா உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. அவர் நெற்றி சுருங்கியது.

"எண்ட மகள... றிப்தாவ... உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்."

பாயிஸ் கதிரையில் இருந்து துள்ளினான். "யா அல்லாஹ்! றிப்தா எண்ட மகள்! அவள் கட்டி, ரெண்டு புள்ளயும் பெத்தவள்! எண்ட மகள கட்டிக் குடுக்கிறார்! நான் செல்லல்லயா? நான் செல்லல்லயா?"

ஏற்றுக்கொண்டேன் என்று கபூல் சொல்ல வாயைத் திறந்த ருஷ்தி அப்படியே நின்றான். ஆண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. லாபிர் நானாவுக்குப் பிழை தெரிந்துவிட்டது. முகம் அப்படியே விழுந்தது. "இல்ல, இல்ல" என்று இடக்கையால் தொடையில் அடித்தார்.

மௌலவி கையை உயர்த்தினார். "பாயிஸ், இரிங்கோ. சபையிட்ட கேக்கிறேன். லாபிர் நானாவுக்கு எத்தன மகள்?"

"ஒண்டுதான்" என்றார்கள் நாலு பக்கத்தில் இருந்தும்.

"'எண்ட மகள' என்டு செல்லினது சாட்சிக்காரருக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"ஒரே மகள் உள்ள மனுசன் 'எண்ட மகள' என்டு செல்லி, பேர மாத்திச் செல்லிட்டார் என்டா, நிக்காஹ் கூடும். கிதாபில ஈக்கிற விஷயம் இது, நான் கொண்டுவந்ததில்ல. பேர்தான் பிழச்சது, ஆள் பிழைக்கல்ல."

"ஆனா மௌலவி, அந்த செல்..."

திரைக்குப் பின்னால் இருந்து உம்மு குல்சுமின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "டேய் பாயிஸ், அந்த செல்ல ஓஃப் பண்ணிட்டு வாயப் பொத்திக்கொண்டு இரி!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கிழவர்களின் தொப்பி கழன்று விழுந்தது. பாயிஸ் மட்டும் கேமராவைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

லாபிர் நானா சிரிக்கவில்லை. கூடும் என்று சொன்னதில் அவருக்குத் திருப்தி இல்லை. ருஷ்தியின் கையை விடாமல், மறுபடியும் சொல்லப் போகிறேன் என்று மௌலவிக்கு விரல் காட்டினார். அவரும் சரி என்றார். "எண்ட மகள" என்றார் லாபிர் நானா. காத்திருந்தார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். வரவில்லை. வருகிற மாதிரி வந்து போனது. பிழையான பெயரொன்றை இன்னொரு தடவை சொல்ல அவர் விரும்பவில்லை என்று எனக்குப் பட்டது. திரையின் பக்கம் திரும்பி, கையை நீட்டி, ரிப்கா நின்ற இடத்துக்கு நேராகக் காட்டினார். திரைக்குள் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ.

"எண்ட மகள" என்றார். "உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் ருஷ்தி.

சோறு தின்ற பிறகு பாயிஸ் வாசலில் நின்று, பேர் இல்லாத நிக்காஹ் என்று இரண்டு மூன்று பேரைப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தான். பலர் சேர்ந்து தின்னும் சஹன் தட்டில் இறைச்சித் துண்டைத் தேடிப் பிடிக்கும்போது இந்த மார்க்க சந்தேகம் அவனுக்கு வரவில்லை. கேட்டவர்கள் பல் குத்திக்கொண்டு கேட்டுவிட்டு வேனுக்குப் போனார்கள்.

வேனில் ஏறும் முன் ரிப்கா தகப்பனிடம் வந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். எல்லாரும் அந்தப் பெயருக்காக அவர் வாயையே பார்த்தோம், பாயிஸும் பார்த்தான். அவர் வாயைத் திறந்தார்.

"நாவலப்பிட்டி" என்றார். ஒரு எழுத்துப் பிசகாமல், சுத்தமாக.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றான் பாயிஸ். "அவ்வளவு நீளப் பேர் வருது, புள்ளட பேர் வரல்ல. இது எப்படி ஏலும்?"

அதற்கு அவனிடம் விடியோ இல்லை.

"ஓ வாப்பா" என்றாள் ரிப்கா, அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "நாவலப்பிட்டிக்குத்தான் போறேன். வெள்ளிக்கிழம வருவேன். வந்து பழக்குவோம்."